கொரடாச்சேரிக்கு இரண்டு கொ

ஐப்பசி. இரவு ஒன்றேகால்.
கொள்முதல் நிலையத்து வாசலில்
தார்ப்பாய்க்கு அடியில் குறுவை நெல் வியர்க்கிறது.
அருளானந்து போன் செய்கிறார்:
"லிங்க்கை அழுத்தினா டோக்கன் இல்லைங்குது மேடம்.
இருபத்தாறு பேரு, யாரும் தூங்கலை."

நான்தான் எழுதினேன் அதை, சித்திரையில், அவசரமாக.
இணைய முகவரியைக் கையாலேயே அரிந்தேன்.
கேள்விக்குறி வந்தால் ஒரு வெட்டு,
சமக்குறி வந்தால் ஒரு வெட்டு,
மிச்சத்தை அள்ளிக் கட்டிக் களத்தில் போட்டேன்.
எட்டே வரி.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

'சிவஞானம் & பிரதர்ஸ்' என்று ஒருவர் பதிந்திருக்கிறார்.
என் அரிவாள் நடுவில் இறங்கியதில்
சிவஞானம் தனியாளாகிவிட்டார்.
பிரதர்ஸ் எந்தக் கட்டிலும் சேராமல்
வரப்பில் நிற்கிறார்கள்.

தையல்நாயகி கதை வேறு.
214 என்ற எண்ணுக்கு முன்னால்
யாரோ # போட்டுவிட்டார்கள்.
அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பது
சர்வருக்குப் போவதில்லை. அது விதி.
போனிலேயே தங்கிவிடும்.
நாலு நாளாக அழுத்தியிருக்கிறார் அந்த அம்மாள்,
பதிவேட்டில் பார்க்கிறேன், பதினொரு முறை.
பதினொரு முறையும் வந்திருக்கிறார்,
எண்ணை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு.

ஒன்றே முக்காலுக்கு எட்டு வரியையும் அழித்தேன்.
நிரல் நூலகம் ஒன்றை இறக்கினேன்.
முகம் தெரியாத யார் யாரோ
பதினேழு வருஷமாகத் திருத்திவருவது.
அது வெட்டுவதில்லை, விசாரிக்கிறது:
எந்த நெறிமுறை? யார் வீடு? எந்தக் கதவு?
பிறகு பாதை. கேள்வி அதற்கும் பிறகுதான்.
பெயருக்குள் இருக்கும் குறி பெயருக்கே சொந்தம்,
அனுப்பும்போதே பொதிந்து அனுப்பு என்கிறது.

பொதிந்தால் தமிழ் இப்படி ஆகும்:
விழுக்காடு ஈ சைபர், விழுக்காடு ஏ ஈ,
விழுக்காடு ஒன்பது ஐந்து.
இவ்வளவும் ஒரு 'க'.

பாதையின் சாய்கோடுகளைப் பார்த்தால்
இந்தப் பக்கத்து ஆளுக்கு என்ன தோன்றும்?
வெண்ணாறு, அதற்குள் பாண்டவையாறு,
அதற்குள் ஏ வாய்க்கால், பி வாய்க்கால்.
எனக்கும் தோன்றியது.
ஆனால் முகவரியில் இரண்டு புள்ளி வைத்தால்
ஒரு படி மேலே ஏறிவிடலாம்.
பாண்டவையாற்றில் இறங்கிய தண்ணீரிடம்
இதைச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டரைக்கு இருபத்தைந்து பேருக்குத் திறந்தது.
ஒருவருக்கு மட்டும் இல்லை.
அவர் எழுதிய ஊர்: கொரடாச்சேரி.
பட்டியலில் உள்ள ஊர்: கொரடாச்சேரி.
கணினி சொல்கிறது, இரண்டும் வேறு.

எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தேன்.
ஒரு கொ-வில்
கொம்பும் காலும் ஒட்டிப் பிறந்திருக்கின்றன.
இன்னொன்றில் கொம்பு தனி, கால் தனி,
நடுவில் க, ஒன்றும் தெரியாதது போல.
கண்ணுக்கு ஒரே ஊர்.
பொதிந்தால் ஒன்று ஆறு மூட்டை, ஒன்று ஒன்பது.
நூலகத்தைக் குறை சொல்ல முடியாது.
வந்ததை வந்தபடி பிரித்து வைத்தது.
எது ஊர் என்பது என் பாடு.

நான் உட்கார்ந்திருப்பதும் கொரடாச்சேரியில்தான்,
ரயில்வே கேட்டுக்குத் தெற்கே, மாடியில்.
இத்தனை வருஷம் எந்தக் கொ-வில் குடியிருந்தேன்
என்று ஒரு நிமிஷம் குழப்பமாக இருந்தது.

ஒரு வரி சேர்த்தேன்: ஒப்பிடுமுன் ஒட்டிவிடு.

"திறந்துடுச்சு மேடம்."
"யாருக்குங்க அது, பேரு என்ன?"
"தூறல் போடுது. வச்சிடுறேன்."