எட்டுக் காசு

ஆரல்வாய்மொழிச் சவுக்கைக்கு இப்பால்
என் கடை.
கடை என்றால் ஒரு பெட்டி, ஒரு பலகை, மேலே ஓலை.
ஆனி ஆடியில் ஓலையும் கிடையாது.

கணவாய்க்கு அந்தப்புறம் ரூபாய், அணா, பைசா.
இந்தப்புறம் பணம், சக்கரம், காசு.
நடுவில் நான், கோலப்ப செட்டி.

பதினாறு காசு ஒரு சக்கரம்,
நாலு சக்கரம் ஒரு பணம்,
ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய்.
ஆக இருபத்தெட்டுச் சக்கரம்.
ராணி தலை போட்ட ரூபாய்க்கோ
இருபத்தெட்டரை.

அந்த அரையில்தான் எனக்குக் கஞ்சி.

சக்கரம் வெள்ளிதான், ஆனால் மீன்செதில் அளவு.
விரல் அதை நம்பாது.
நூறு குழி தோண்டிய பலகையில் கொட்டிக் குலுக்கினால்
குழிக்கு ஒன்றாய் உட்காரும்.
மிச்சத்தை உள்ளங்கையால் வழித்துவிட வேண்டும்,
காற்று வழிப்பதற்குள்.

புதன்தோறும் வியாகுலம் வருவாள்.
கோவளத்துக் கருவாடு, பணகுடி வரை.
போகும்போது கூடையின் வாசம் முன்னால் போகும்.
திரும்பும்போது மடியில் ஒரு ரூபாய்.
என் கையில் தரமாட்டாள்.
பெட்டி மூடிமேல் வைப்பாள்,
ராணி முகம் கீழே.

இருபத்தெட்டு என்று தள்ளுவேன்.
"அரை?"
"காசு இல்லை. அடுத்த வாரம்."

காசு இருந்தது.
பெட்டிக்கு அடியில் ஒரு தகரக் குவளை நிறைய.
காற்றுக்கு அது கிணுங்காதிருக்க
மேலே ஒரு காலை வைத்துக்கொண்டுதான்
இல்லை என்பேன்.

ஒரு வருஷமும் நாலு வாரமும்.
மழைக்கும் அவள் வரவு நின்றதில்லை,
என் காலும் நகர்ந்ததில்லை.

அன்று ரூபாயை வைக்கவில்லை.
இடுப்பிலிருந்து ஒரு துண்டு வலையை உருவிப்
பலகைமேல் விரித்தாள்.
கைக்குட்டை அளவு.
புது நூல் ஒரு பக்கம் வெளுப்பாய்,
பழைய நூல் உப்பேறிக் கறுப்பாய்.

"எண்ணும்."

வரிக்கு எட்டுக் கண்ணி. ஏழு வரி.
ஏமாற்றிய புதன் ஒன்றுக்கு ஒரு கண்ணி.
வரிக்கு நாலு சக்கரம், அது ஒரு பணம்.
ஏழு பணம்.
என் வாய்ப்பாட்டையே முடிச்சுப் போட்டு
எனக்கு முன்னால் வைத்திருந்தாள்.

ஒன்றும் பேசாமல்
சர்க்கார் அரைரூபாய் இரண்டை எடுத்து வைத்தேன்.
தொடவில்லை.
"நான் தந்ததெல்லாம் ராணி. நீரும் ராணியையே தாரும்."

"ராணிக்கு அரைச் சக்கரம் கூட ஆகும்."

வாயிலிருந்து விழுந்துவிட்டது.
ஒரு வருஷமும் நாலு வாரமும்
சொல்லாமல் வைத்திருந்தது.

"ஆகும்லா?" என்றாள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
எட்டுக் காசு, ஒவ்வொன்றாய்,
அவசரமே இல்லாமல்.
ரூபாயை எடுத்துக்கொண்டாள். வலையையும்.
அதன் ஓரத்தில் இன்னும் நூல் தொங்கியது.

பலகைக் குழி ஒன்றில் ஏதோ மின்னியது.
சக்கரம் என்று பொறுக்கினேன்.
செதில்.

சாயங்காலம்தான் கவனித்தேன்,
எட்டில் ஒன்று புதுக்கோட்டை அம்மன் காசு.
எத்தனை கை மாறி, எந்தச் சந்தையில் புகுந்ததோ.
இங்கும் ஓடாது, கணவாய் தாண்டினாலும் ஓடாது.
அவளுக்குத் தெரிந்துதான் வந்ததா?
முகத்தை நினைத்துப் பார்த்தேன்.
முகத்தில் என்ன தெரியும், கருவாட்டு வெயிலில்.

மறு புதன்.
இருபத்தெட்டுத் தள்ளினேன்.
அவள் கேட்குமுன் எட்டுக் காசும் வைத்தேன்.
அம்மனை ஏழாவதாக, நடுவாக்கில்.
ஒவ்வொன்றாய் எடுத்தாள்.
ஏழாவதை மட்டும் ஒற்றை விரலால்
என் பக்கம் தள்ளினாள்.

"இது செல்லாது, செட்டியாரே."

குவளையை வெளியே எடுத்தேன்.
வேறு காசு கொடுத்தேன்.

அம்மனை என்ன செய்ய?
கணக்குச் சீட்டுக்குப் பாரமாக வைத்தேன்.
ஆனிக் காற்றில்
இரண்டும் சேர்ந்தே பறந்தன.

முப்பந்தல் வரை தேடிப் போனேன்.
சீட்டு ஒரு உடைமுள்ளில் மாட்டியிருந்தது.
அம்மன் கிடைக்கவில்லை.