போக, வர

என் பதவிக்கு எட்டுச் சொல்லில் ஒரு பெயர் இருக்கிறது.
அண்ணன் சுருக்கமாகச் சொல்வான்: பிள்ளை பிடிக்கிறவள்.

மொன்டானாவின் வடக்கு விளிம்பில்,
கோதுமை முடிந்து கனடா தொடங்குவதற்குச் சற்று முன்னால்
எங்கள் பல்கலைக்கழகம்.
முதலாண்டில் போன வருடம் இருநூற்று அறுபது பேர்.
இந்த வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு.
காலியான அந்த நாற்பத்தெட்டு நாற்காலிகளைப் பற்றிப் பேச
பிப்ரவரியில், கதவுப்பிடி கையோடு ஒட்டிக்கொள்ளும் குளிரில்,
பழைய மாணவர்கள் ஏழு பேர்
காசோலைப் புத்தகத்தோடு வந்திருந்தார்கள்.

ஸ்போகேனில் முப்பது வருடம் பல் பிடுங்கி ஓய்ந்த
ஆர்டிஸ் கோனிக், வழவழத் தாளில் கையேடு போடலாம் என்றார்.
பின்னட்டையில் கொடுத்தவர்கள் பெயர், சின்னதாக,
ஆனால் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு.
ஒருவர் நெடுஞ்சாலையில் பலகை என்றார்.
ஒருவர் கைபேசியில் துரத்த வேண்டும் என்றார்,
செருப்பு பார்த்தவனை
ஒரு மாதம் செருப்பே துரத்துமே, அப்படி.

வெர்லின் ஹாக்ஸ்டாட் கடைசியாக வாய் திறந்தார்.
எழுபத்தொன்றில் தேறியவர். கோதுமையும் பருப்பும் போடுகிறார்.
காது மந்தம், அதனால் குரல் பெரிது.
"பஸ் டிக்கெட் வாங்கிக் கொடுங்கள்.
வந்து பார்க்கட்டும்."

பிறகு அவர் வந்த கதை.
சித்தப்பாவின் மாட்டு லாரியில், சும்மா பார்க்க வந்தாராம்.
லாரி மாடுகளை இறக்கிவிட்டு வேறு திசையில் போயிற்று.
திரும்ப ஆறு டாலர் வேண்டும். பையில் இரண்டு.
அன்றிரவு பனி. ஒன்பது நாள் சாலையே இல்லை.
பத்தாம் நாள் பார்த்தால்
வேதியியல் கூடத்துச் சாவி அவர் கையில்,
குழாய் உறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி
யாரோ கொடுத்துவிட்டுப் போனது.

பொருளாளர் சிரித்தார்:
"அப்படியானால் வந்து சேர மட்டும் டிக்கெட் போதுமே,
பாதிச் செலவு மிச்சம்."
மேசை முழுக்கச் சிரித்தது. நானும்.

ஹாக்ஸ்டாட் சிரிக்கவில்லை.
காதில் விழவில்லை என்று நினைத்தோம்.
"நாலு வருடம்," என்றார்,
"படிக்கிறேனா, மாட்டிக்கொண்டேனா என்று
தெரியாமலே படித்தேன்.
போக, வர இரண்டும் கொடுங்கள்.
திரும்பும் காசை ரொக்கமாக, உறையில் போட்டு,
கட்டடத்தைக் காட்டும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.
அது இருந்தும் வருகிறவன் உங்கள் மாணவன்.
என்னைப் பிடித்தது பனி."

ஏப்ரலில் முப்பத்தொரு உறைகள்.
சிலர் வாங்கியதும் எண்ணினார்கள்.
ஒரு பையன் நூலகத்தை விட்டுவிட்டு
உணவகத்தில் கறி எத்தனை நாள் என்று கேட்டான்.
ஓபீமைத் தாண்டி ஏதோ பண்ணையிலிருந்து வந்த லாரெட்
ஒன்றும் கேட்கவில்லை.

மாலை பஸ் போன பிறகு பார்க்கிறேன்,
அவள் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்,
உறை மடியில், பிரிக்காமல்.
"அந்தக் கூடத்தை இன்னொரு தடவை பார்க்கலாமா?
கூட யாரும் வந்து விளக்காமல்."

திறந்துவிட்டு வாசலில் நின்றேன்.
இருபது நிமிடம். விளக்கைக்கூடப் போடவில்லை.
பிறகு ஐந்து மணி நேரம் காரோட்டி
வீட்டில் இறக்கிவிட்டேன்.
வழியில் இரண்டு மான்; ஒரு பேச்சும் இல்லை.
பெட்ரோல் என் கணக்கு,
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

செப்டம்பரில் ஹாக்ஸ்டாட் கூப்பிட்டார்,
பின்னால் அறுவடை இயந்திரம் உறுமியது.
"ஒன்பது பேர் சேர்ந்தார்கள்," என்று தொடங்கினேன்,
ஒரு தலைக்கு எத்தனை டாலர் என்றும் கணக்கு வைத்திருந்தேன்.
"அதைக் கேட்கவில்லை," என்று கத்தினார்,
"முப்பத்தொரு பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்களா?"

சேர்ந்தார்கள் என்றேன்.

என் பட்டியலில் ஒரு விண்ணப்பம் இன்னும் முடியாமல் நிற்கிறது.
பெயர், ஊர், மதிப்பெண் எல்லாம் நிரப்பி
கையெழுத்து மட்டும் இல்லை.
வெள்ளிக்கிழமைதோறும் கணினி கேட்கிறது, நீக்கவா என்று.
வேண்டாம் என்று அழுத்துகிறேன்.

உறை அவளிடம்தான் இருக்கிறது.