ஒரு கால்

ஒடுகத்தூர், மாலை ஆறரை.
முனிரத்தினத்தின் மாட்டுக்கொட்டகைச் சுவரில்
டார்ச் வட்டத்துக்குள்
தலைகுத்தி நிற்கின்றன நாற்பத்தொன்று.
குழாய் வழியே மூச்சை இழுத்தேன்.
சாண வாசனையும் கொசுவும் சேர்ந்தே வந்தன.

வேலூரில், இரவு, நுண்ணோக்கிக்கு அடியில்
இறக்கை விளிம்பில் புள்ளி எண்ணுகிறேன்,
வாயோரக் கொம்பில் வெள்ளை வளையம் எண்ணுகிறேன்.
அக்காளும் தங்கையும்
ஒரே துணியில் ரவிக்கை தைத்துக்கொண்ட மாதிரி.
ஒருத்தி காய்ச்சல் சுமப்பாள்.
மற்றவள் பெரும்பாலும் மாட்டோடு நிறுத்திக்கொள்வாள்.

ஆகவே ஒரு கால்.
பின்னங்கால், இடது.
இடுக்கியால் பிடுங்கி, குப்பியில் நசுக்கி,
சூடேற்றி, ஆற்றி, மறுபடி சூடேற்றி
முப்பத்தைந்து முறை.
நடுவில் கரண்ட் போனது. சத்துவாச்சாரி முழுக்க இருட்டு.
யுபிஎஸ் கத்திக்கொண்டே தாங்கியது.

விடியலில் ஜெல்லில் ஆரஞ்சுக் கோடுகள்.
முப்பத்தெட்டு ஒரே உயரத்தில்.
மூன்று மட்டும்
ஒரு நகக்கண் கீழே.

அந்த மூன்றையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன்,
விடை தெரிந்த கண்ணோடு.
ஒன்றும் தெரியவில்லை.
ஐந்து காலோடு, ஊசிமுனையில்,
மற்றவற்றைப் போலவே இருந்தன.

முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன்.
“ரெண்டு வகையா? எது எதுன்னு எப்டிம்மா பாக்கறது?”
“பாத்தா தெரியாதுங்க.”
கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்துமணி மட்டும்.
“அப்ப எல்லாத்தையும் அடிக்க வேண்டியதுதான்.”

லேபிளில் பென்சிலால் ஊர், தேதி, என் பெயர்:
எப்சிபா.
முழங்கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது.
கை ஓங்கியபடி நிற்கிறது.
அதற்கு இன்னும்
ஆறு கால் இருக்கிறது.