கோப்பில்லாத சாலை

மோட்டார் விபத்து இழப்பீட்டுப் பிரிவில் பதினோரு வருஷம்.
ஹெண்ணூர் சாலை எனக்குக்
கோப்பு எண்களாகத்தான் தெரியும்.
பாகலூர் திருப்பம்: லாரி, இடது கால், முழங்காலுக்குக் கீழே.
மேம்பாலத்தின் மூன்றாவது தூண்: மழை,
கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனவர்.
இருபத்திரண்டு பத்திரிகைகள் மீதமிருந்தன,
அதையும் எழுதியிருந்தார்கள்.

ஆகவே ஞாயிறுகளில்
என் மேஜைக்கு இன்னும் வராத சாலைகளைத் தேடி
சைக்கிள் மிதிக்கிறேன்.

பிரான்ஸ் கிளையிலிருந்து செலின் ஒரு படம் அனுப்பினாள்.
மலைச்சாலை. இருபுறமும் திராட்சைத் தோட்டம்.
நட்டநடுச் சாலையில் நின்று ஒருவர் நிதானமாக வாழைப்பழம் தின்கிறார்.
ஓரத்தில் பலகை: இன்று மதியம் வரை
மோட்டார் வண்டிகளுக்கு வழியில்லை.
மலையை விட்டுவிட்டுப்
பலகையைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெங்களூரில் அது இடமில்லை.
நேரம்.
நாலே காலுக்குக் கம்மனஹள்ளியை விட்டால்
ஆறேகால் வரை கையிருப்பு.
அதிலும் விமானத்தைப் பிடிக்கப் பறக்கும் டாக்ஸிகளைக்
கழித்துக்கொள்ள வேண்டும்.

நந்தி வேண்டாம்.
சூரியோதயம் பார்க்க வந்தவர்கள்
பிரேக் விளக்குச் சிவப்பில் அடிவாரத்திலேயே நிற்கிறார்கள்,
சூரியன் யாரையும் கேட்காமல் மேலே போய்விடுகிறது.

ஆவதி தாண்டி ஒரு கிளைச்சாலை.
பெயர்ப்பலகையில் ஊரின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம்.
அங்கிருந்து ஏற்றம்.
எட்டு சதவீதம் என்கிறது கைக்கடிகாரம்,
தொடை வேறு கணக்கு வைத்திருக்கிறது.
கடைசிப் பல்லுக்கு மாற்றிவிட்டேன்,
இனி மாற்ற எதுவுமில்லை.
வலை போர்த்திய திராட்சைக் கொடிகள்.
தைலமரம். பாறை. மறுபடி பாறை.
செயின் ஓடுவது கேட்கிறது.
என் மூக்கு ஒழுகுவதுகூடக் கேட்கும்போல் இருக்கிறது.
முப்பது நிமிஷமாக ஒரு வண்டியும் இல்லை.
இதுதான், இதுதான் என்று
வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அடுத்த வளைவில்
சாலை முழுக்கக் கொள்ளுச் செடி.

காய்ந்த செடி, முழங்கணு உயரம், நாற்பதடி நீளம்.
இறங்கினேன்.
இதே போன்ற ஒன்றின் மேல் ஒரு பைக் சறுக்கியிருக்கிறது, போன தை மாதம்.
'சாலையில் பரப்பியவர் அடையாளம் தெரியவில்லை'
என்று நான்தான் எழுதி மூடினேன்.

அடையாளம் தெரியாதவர்
மைல்கல்லின்மேல் உட்கார்ந்து
பிளாஸ்டிக் டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.
முனிலட்சுமம்மா. நீலச் சேலைக்குமேல் மகனின் சட்டை.
"ஒந்தூ காடி பர்லில்லா" என்றார்,
நான் என்னமோ எல்லா வண்டிகளையும்
ஒளித்துவைத்துவிட்டு வந்தவள்போல.
நேற்றிலிருந்து ஒன்றும் வரவில்லையாம்.
சக்கரம் ஏறினால்தான் கொள்ளு உதிரும்.
ஆள் வைத்து அடித்தால்
கூலி கொள்ளைவிட அதிகம்.

பைக் விழுந்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.
என் கன்னடத்தில் 'இழப்பீடு' இல்லை.

அவர் என் டயரை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்,
வெண்டைக்காய் வாங்குவதுபோல.
சிரித்தார். போ, இருக்கட்டும், என்று கைகாட்டினார்.
போனேன். வந்தேன். மறுபடி போனேன்.
செயினில் செடி சிக்கி இரண்டு முறை நின்றேன்.
குனிந்து பார்த்தால்
ஒரு கைப்பிடிக்கும் குறைவு.
ஐம்பத்தாறு கிலோ நான், எட்டு கிலோ சைக்கிள்.
ஒரு குடும்பத்தின் கொள்ளுக்கு
நாங்கள் போதவில்லை.

ஆறு இருபதுக்குக்
கீழே எங்கோ கியர் மாற்றும் சத்தம்.
பால் டெம்போவாக இருக்கலாம்.
கிளைச்சாலை பிரியும் இடத்தில் நேராகப் போய்விடுமோ என்று
இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

சைக்கிளைக் கல்லில் சாய்த்துவிட்டு
வளைவுக்கு ஓடினேன்,
கிளீட் செருப்பு தார்மேல் டக் டக்கென,
இரண்டு கையையும் தூக்கி,
இந்தப் பக்கம், அண்ணா, இந்தப் பக்கம்,
மெதுவாக.