வலது அறையில் வெளிச்சம்

எட்மன்ரனில் மைனஸ் முப்பத்தொன்று.
மில் வூட்ஸில் யாரோ ஒருவருடைய பேஸ்மென்டில்
முழங்காலில் நின்று
ஃபர்னஸின் மூடியைக் கழற்றுகிறேன்.
சுடர் நீலமென்றால் மூடிவிட்டு வந்துவிடலாம்.
மஞ்சளென்றால் காற்றுப் போதவில்லை,
அரைகுறையாய் எரிகிறது, கரி பிடிக்கிறது.
வீடு என்னவோ கொஞ்ச நாளைக்குச் சூடாய்த்தான் இருக்கும்.
இருபத்திரண்டு வருடத்தில் நான் கற்றது இவ்வளவுதான்.

இதை வைத்துத்தான் சுகிர்தா,
உன் நெஞ்சையும் படித்தேன்.

நாளுக்குப் பதினாலு கிலோமீற்றர்
தபால் பையோடு நடந்தவள் நீ.
தெருவிலுள்ள நாய்களின் பெயரெல்லாம் தெரியும்.
பனியில் வழுக்கினால் கடிதங்களை முதலில் பிடிப்பாய்.
ஆறே படி வைத்த ஒரு வாசலில் நின்று
"இளைக்குது" என்றாய் போனில்.
வயசு என்றேன் நான்.
இரும்புச்சத்து என்றார் ஒரு டொக்டர்,
ஆஸ்துமா என்றார் இன்னொருவர்.
மூன்றாவது பனிக்காலத்தில்
உன் கணுக்காலில் என் கட்டைவிரல் பதித்த குழி
நான் தேத்தண்ணி ஊற்றி வரும்வரை
மூடவில்லை.

நுரையீரலுக்குப் போகும் குழாய்கள்
தடித்து ஒடுங்கிவிட்டன என்றார் டொக்டர் கவ்லுக்.
அங்கே இரத்தம் தள்ளுவது வலது அறை.
மெல்லிய சுவர், குறைந்த அழுத்தத்தில் பிழைக்கப் பழகியது.
யாரும் பாடாத பக்கம்;
காதலோ சத்தியமோ,
கை போவது இடப்பக்கம்தானே.
அது சத்தமில்லாமல் தடித்தது. பிறகு விரிந்தது.
நடுச்சுவரைத் தள்ளித் தள்ளிப்
பக்கத்து அறையின் வட்டத்தைப்
பாதி நிலவாக்கியது.

உன்னைப் பட்டினி போட்டு,
கதிர் ஏற்றிய சர்க்கரையை நரம்பில் விட்டு,
ஒரு மணி நேரம் அசையாமல் கிடத்திப்
படம் எடுத்தார்கள்.
கறுப்புத் திரையில் பிறைபோல ஒரு கீற்று,
தகதகவென்று.
"வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

கவ்லுக் பேனாவை மூடினார்.
அவ்வளவு ஒளிரக் கூடாத இடம் அது.
நல்ல இதயம் பெரும்பாலும் கொழுப்பை எரிக்கும்,
நிதானமாய், மிச்சம் வைக்காமல்.
இது மூச்சுமுட்டிக் கொழுப்பைக் கைவிட்டுச்
சர்க்கரையை அள்ளி அள்ளி விழுங்குகிறது.
கிடைக்கும் பலம் சொற்பம்.
எஞ்சுவது புளிப்பு.

மஞ்சள் சுடரா, என்று கேட்டேன்.
அவருக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியது.
"நான் உங்கட பேஸ்மென்ட் இல்லை" என்றாய்
தமிழில்,
சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

இல்லைதான்.
பேஸ்மென்ட் என்றால் வடிகட்டி மாற்றுவேன்,
மெயினை அணைத்துவிட்டு மோட்டாரையே மாற்றுவேன்.
உன்னில் எதை அணைத்துவிட்டு எதைத் திருத்த?

இப்போது உன் இடுப்பில்
தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பம்ப்.
வயிற்றுத் தோலுக்குள் மருந்து
இரவும் பகலும் சொட்டுகிறது.
ஊசி இறங்கிய இடம் எரியும் இரவுகளில்
ஐஸ் பையை அழுத்திக்கொண்டு
பழைய பாதையை முணுமுணுப்பாய்:
அறுபத்தாறாம் தெரு, பச்சைக் கதவு,
கடிக்கிற பிரவுணி, கடிக்காத பிரவுணி,
கையொப்பம் போட வெளியே வராத கிழவர்...
தூங்கின மாதிரிக் கிடந்து கேட்பேன்.
எந்த வீட்டையும் நீ தவறவிட்டதில்லை.

ஆறு நிமிட நடை.
மாசியில் முந்நூற்றுப் பன்னிரண்டு மீற்றர்.
நேற்று முந்நூற்று நாற்பது.
கூடின இருபத்தெட்டு மீற்றர்
எங்கள் தெருவில் இரண்டு வீடு என்று கணக்குச் சொன்னேன்.
"அந்த ரெண்டு வீட்டுக்கும் பில்லைத் தவிர
ஒண்டும் வாறேல்லை" என்று சிரித்தாய்.
சிரிப்பு இருமலானது.
இருமல் போய்
உதட்டில் நீலம் நின்றது.

நீலம் நல்லது, பயப்பட வேண்டாம் என்று
வீடு வீடாய்ச் சொல்லித் திரிகிறவன் நான்.

மேலேயிருந்து வீட்டுக்காரி கேட்கிறாள்,
எல்லாம் சரியா?
சுடர் நீலமாய்த்தான் இருக்கிறது.
இன்னும் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்
என்கிறேன்.