பி 0171

தொப்பூர் ஏற்றத்தில் எரிந்ததாம் விளக்கு.
டேஷ்போர்டு பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு
தர்மபுரி வரை உருட்டியே வந்திருக்கிறார் சென்றாயன்.

ஸ்கேனரைச் செருகினேன்.
பி 0171: காற்று கூடுதல், பெட்ரோல் போதவில்லை.
"சென்சார் மாத்திட்டாங்களே சேலத்துல,
ஆறாயிரத்து இருநூறு."
பில்லை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன்.
குண்டல்பட்டி தாண்டவில்லை,
திரும்ப அதே எண்.

டீக்கடைப் பாட்டை நிறுத்தச் சொல்லி
ஓடுகிற எஞ்சினுக்குள் காதை வைத்தேன்.
பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுகிற மாதிரி
ஒரு சீறல்.
இன்டேக் அடியில் ரப்பர் குழாய்,
நகக்கீறல் அளவு வெடிப்பு.

புதுசு நூற்றிருபது ரூபாய்.
நம்பவில்லை சென்றாயன்.
பழைய குழாயைக் கேட்டு வாங்கி
ஒரு முனையை அடைத்து
ஊதிப் பார்த்தார்.
கட்டைவிரலில் பட்டது போல.

பில்லோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
வண்டியைச் சேலம் பக்கம் திருப்பினார்.