கீழே போய்க் கழுவினேன்

உள்ளங்கை அகலத்தில் சிலிகான் தகடு,
கம்பிக் கூண்டுக்குள் ஆறு.
கோத்தகிரிக்குக் கீழே
பதினோராம் நம்பர் தேயிலைக்காட்டு ஓடையில்
சித்திரை ஏழாம் தேதி கட்டிவிட்டு வந்தேன்.

இதே தகடுகள் கடலூரில்
மிதவைக்கடியில் உப்பில் தொங்குகின்றன.
அங்கே வந்து இறங்குவது
எங்கே ஏறியது என்று கேட்கத்தான்
இவ்வளவு உயரம்.

சும்மா இருப்பதுதான் இதன் உத்தியோகம்.
மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது.
தண்ணீர் தன்பாட்டுக்குப் போகும்.
தண்ணீரோடு ஒட்டாமல் வருவது
இதில் ஒதுங்கும்.
அனுப்பும் முன்பே நான் கொஞ்சம் ஏற்றி வைப்பேன்,
எந்த ஆற்றிலும் இல்லாத ஒன்றை.
அதில் எவ்வளவு தொலைத்தது என்று பார்த்துத்தான்
எவ்வளவு வாங்கியது என்று கணக்கு.
வட்டிக்கடை மாதிரி இருக்கிறதே
என்றான் வீட்டில் ஒருவன்.

இருபத்தெட்டாம் நாள்.
கூண்டு கட்டிய இடத்திலேயே இருந்தது,
லேசாகப் பாசி.
கரையில் ராக்கையா,
முதுகில் மருந்து டப்பா.

"ஒங்க பொட்டிய யாரும் தொடல மேடம்.
ஒரு மாசமா டப்பாவ இங்க கழுவவே இல்ல.
கீழ, அந்த வளைவு தாண்டிப் போய்க் கழுவினேன்.
அழுக்காயிரக் கூடாதுல்ல."

"அதுக்கு முன்னால?"

"பத்தொம்பது வருசம் இந்தக் கல்லுதான்."

நன்றி என்றேன்.
வேறு எந்தச் சொல்லும் அந்த நேரத்துக்கு வரவில்லை.

தகடுகளை இடுக்கியால் எடுத்து
கண்ணாடிப் புட்டியில் போட்டேன்.
காற்றை மட்டும் காட்டி மூடவேண்டிய
வெற்றுத் தகட்டையும் திறந்தேன்.
அவர் திரும்பி நின்றார்.
டப்பா உட்காரும் இடம்
சட்டையில் சதுரமாக வெளுத்திருந்தது,
ஓரமெல்லாம் மஞ்சள்.
தீபாவளிக்கு எடுத்ததாம்.
ஏழு மாதம் என்று மனசு எண்ணியது.
பரப்பளவையும் எண்ணப் பார்த்தது.
என் படிவத்தில்
இடம் நான்கு, கூண்டு சேதமில்லை
என்று எழுதினேன்.
சட்டைக்குக் கட்டம் இல்லை.

கரை வழுக்கியது.
பிடிங்க மேடம் என்று கை நீட்டினார்.
கையுறை கழற்றவில்லை,
புட்டி இன்னும் மூடவில்லை;
மருந்து வாசனை என் முகம் வரை வந்தது.
ஒரு நொடி தயங்கினேன்.

அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார்.
கையைச் சட்டையில்
நன்றாகத் துடைத்துவிட்டு
மறுபடி நீட்டினார்.